கூறுக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

காசிமேட்டுச் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன வாரம் தொடக்கக் கல்விப் பட்டயச் சான்றிதழ் கைக்கு வந்தது. எல்லாருக்கும் காட்டிவிட்டு பீரோவில் வைக்கப் போனேன். அதில் என் பெயர் மட்டும் இருந்தது உறுத்தியது. அதனால்தான் இந்த மடல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2021 கடைசியில், கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைத் தெருவிலேயே சொல்லிக்கொடுக்க அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நான் தன்னார்வலராகச் சேர்ந்தது பிள்ளைகள் மேல் பாசம் பொங்கி அல்ல. கொரோனாவில் கால் சென்டர் வேலை போய் வீட்டில் கிடந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய், சாயந்திரம் ஒன்றரை மணி நேரம், தெருவைத் தாண்ட வேண்டாம். அவ்வளவுதான் கணக்கு.

இடம் கேட்டு நாலு வீடு ஏறி இறங்கிய பிறகு, "அஞ்சு மணிக்கெல்லாம் கருவாட்ட வாரிடறேன், நீ பசங்கள ஏத்தும்மா" என்று மொட்டை மாடியைத் திறந்துவிட்ட மூலை வீட்டு ஆயாவுக்கு முதல் நன்றி. அந்த வருஷத்து நோட்டுகளில் இன்னும் கருவாட்டு வாசம் அடிக்கிறது.

முதல் நாள் நான் செய்த கூத்து மாடிக்கே தெரியும். உயிரெழுத்து பன்னிரண்டையும் போர்டில் எழுதிப்போட்டு, கத்திச் சொல்லச் சொன்னேன். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. பால்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் டீச்சரம்மா, முட்டிவலியோடு படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு வாரம் எழுத்தத் தொடாத. யார் வூட்ல என்னா கொழம்புன்னு கேளு" என்றார். அதற்கப்புறம்தான் எழுத்து. அதுவும் 'அ'வில் தொடங்கவில்லை. 'அ' எழுதச் சின்னக் கை சுழித்து, வளைத்து, மேலும் கீழும் போய்வர வேண்டும். 'ட' போட இரண்டு கோடு போதும். ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். பட்டம் என்று வாசித்த அன்று பையன்கள் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். டீச்சரம்மா, இரண்டு வருஷப் படிப்பில் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் குழம்பு விசாரிக்கிற பாடம் எந்தத் தாளிலும் இல்லை.

இனி அந்தப் பையன். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தது. ஒன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நேராக மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தான். நாலாம் வாய்ப்பாடு கேட்டால் தரையைப் பார்ப்பான். மந்தம் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். அவன் அம்மா வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருக்க, இவன் கூறு கட்டி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தான். "கூறு நூறுக்கா, அஞ்சு மீனு. நாலு கூறா எடுத்துக்கோ, இருவது மீனு, முந்நூத்தம்பது குடு." பெருக்கலும் போட்டு, ஐம்பது ரூபாய் தள்ளுபடியும் போட்டுவிட்டான்! என்னைப் பார்த்ததும் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. வெட்கம் பாதி, ஏதோ ஒரு பரபரப்பு பாதி. விடியும்வரை காத்திருந்து புளியங்கொட்டை பொறுக்கினேன். திங்கட்கிழமை மாடியில் வாய்ப்பாடு இல்லை, மீன் மார்க்கெட்தான். ஆளுக்கு நாலு கூறு. கணக்கில் நான் தடுமாறினால் அவன் திருத்தினான். ஆசிரியர் வேலைதான் இனி என்று தோன்றியது அந்த வாரம்தான். தம்பி, உனக்கு நான் கடன்பட்டவள்.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, வலை பின்னியபடி மாடிக்கு வந்து உட்கார்ந்த அண்ணன்மார்களுக்கும் நன்றி. போர்டு காற்றில் விழுந்துகொண்டே இருக்கிறது என்று சுவரில் ஆணி அடித்துக்கொடுத்ததும் அவர்கள்தான்.

அந்த மாசக் கடைசியில் பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தது. பதினெட்டாயிரம் சம்பளம். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சோறு நான் போடறேன். மணி அஞ்சாவுது, மேல போ" என்றாள். அம்மாவுக்கு நன்றி சொன்னால் அடிப்பாள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆயா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஆணியை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன்.