காதையும் கொஞ்சம் கவனியுங்கள்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊருக்குச் செய்துவரும் நன்மையைக் கண்ணால் பார்க்கிறேன். தன்னார்வலர் வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், மாத்திரை தருகிறார், தினமும் நடங்கள் என்கிறார். நடந்துகொண்டிருந்தவர் ஏன் நிறுத்தினார் என்பதையும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். விடிந்ததும் டீக்கடைக்கு நடந்து போய், பேப்பரை விரித்து, நாலு பேரோடு அரசியல் சண்டை போட்டுவிட்டுத்தான் திரும்புவார். முதுமையில் மூளைக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் நடை, வாசிப்பு, பேச்சு, சகவாசம் அத்தனையும் அந்த ஒரு டீயில் அடங்கியிருந்தது. காது மந்தமானது. கடைச் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை. சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார், சிரித்தார்கள். போவதையே விட்டுவிட்டார். அவருக்கு மறதி வந்துவிட்டது என்கிறார் மருமகள். அதில் பாதி மறதியே இல்லை, சொன்னது காதிலேயே விழவில்லை.

முதுமை மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமையோடு செவித்திறன் குறைவும் அதில் உண்டு, அதுவும் மேல்வரிசையில். காது கேட்கும் கருவி மாட்டினால் மறதியே வராது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஆபத்துக் காரணிகள் கூடுதலாக இருந்தவர்களில் கருவி பெற்றவர்களிடம், மூன்றாண்டில் அறிவுத்திறன் சரியும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நம் பெரியவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன என்பது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது.

கண்ணை நாம் இப்படி விட்டுவிடவில்லை. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது; இன்று கண் முகாம் என்றால் தெரியாதவர் உண்டா? கண்ணாடி போட்டவரை யாரும் கேலி செய்வதில்லை. செவிடு என்றால் மட்டும் சிரிப்பு!

முதல் படிக்குப் பெரிய செலவில்லை. உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கென்று சொல்லும் கிசுகிசுப்புச் சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு காதை மூடச் சொல்லி, உதட்டசைவு தெரியாதபடி கை தூரத்தில் நின்று, நாலு சொல்லைக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வதுதான். தன்னார்வலருக்கு ஒரு நாள் பயிற்சி போதும். சோதனையில் தேறாதவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். அங்கே முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். சிலருக்கு அதோடு முடிந்துவிடும்.

கருவியைக் கொடுத்துப் படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. எனக்குத் தெரிந்த வீடுகளில் அது பீரோவில் டப்பாவோடு கிடக்கிறது. பொத்தான் அளவு பாட்டரி சில நாட்களில் தீர்ந்துவிடும். ஊர் மளிகைக் கடையில் கிடைக்காது. ஒலியைச் சரிசெய்ய பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டும், கூட யாராவது வர வேண்டும். மாத்திரை அட்டையோடு பாட்டரி அட்டையையும் தன்னார்வலர் பையில் வையுங்கள். கருவியைச் சரிசெய்யத் தெரிந்தவர் மாதம் ஒரு நாளாவது வட்டார மருத்துவமனைக்கு வர ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிராமவாசி