மலையில் தூக்க வருபவர்கள் அரசாங்க ஆட்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த இங்கிலாந்து ஏரி மாவட்டப் பயணக் கட்டுரையை என் மனைவிதான் முதலில் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து காட்டினாள். நாங்கள் கடை வைத்திருக்கும் கெஸ்விக் ஊரைப் பற்றித் தமிழில், அதுவும் படங்களோடு வாசிக்கக் கிடைத்ததில் இருவருக்கும் பெரிய சந்தோஷம். டெர்வென்ட் வாட்டர் ஏரியைப் பற்றியும் கேட்பெல்ஸ் மலையைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஓரிடத்தில், காலில் அடிபட்ட ஒரு பெண்ணை "அரசாங்க மீட்புப் படை" வந்து தூக்கிச் சென்றதாக இருந்தது. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

இங்கே மலையில் ஏறி வந்து ஆட்களைத் தூக்குவதற்கு அரசாங்கப் படை கிடையாது. 999க்கு அழைத்துப் பொலிஸ் வேண்டும் என்றால் அவர்களோடு இணைத்துவிடுவார்கள். பொலிஸ் அந்தந்தப் பகுதியின் மலை மீட்பு அணிக்குத் தகவல் கொடுக்கும். அந்த அணியில் இருப்பவர்கள் பள்ளிக்கூட ஆசிரியர், குழாய் வேலை செய்பவர், ஆடு வளர்ப்பவர், ஹோட்டல் சமையற்காரர். ஒரு சதம் சம்பளம் இல்லை. கடலோரக் காவல் ஹெலிகொப்டர் மட்டும் அரசாங்கத்தின் செலவு. இந்தப் பக்கத்தில் பறக்கும் ஆம்புலன்ஸ் ஹெலிகொப்டர்கூட நன்கொடையில் ஓடுவதுதான்.

என் கடையில் வேலை செய்யும் பையன் கெஸ்விக் அணியில் இருக்கிறான். போனில் அந்தச் சத்தம் வந்தால் என்னை ஒருமுறை பார்ப்பான். நான் தலையாட்டுவேன். வரிசையில் நிற்கும் ஆட்களை நான் கவனித்துக்கொள்ள, அவன் பின்வாசலால் போய்விடுவான். அந்த நேரத்துக்குச் சம்பளத்தை வெட்டுவதில்லை. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கோ அன்றைய வருமானம் போனதுதான். இங்கே டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிரிலும் மழையிலும் இரவிரவாகத் தேடிவிட்டு, ஈரச் சப்பாத்தோடு காலையில் வேலைக்கு வந்து நிற்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

இந்த அணி தொடங்கிய கதையையும் சொல்ல வேண்டும். 1946இல் கிரேட் கேபிள் மலையில் வில்பிரட் நோய்ஸ் என்ற மலையேறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிறகு 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவில் இருந்தவர் அவர். அந்த மீட்பில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான், ரஸ்டி வெஸ்ட்மர்லண்ட் என்பவர் ஊராரைச் சேர்த்து 1947இல் கெஸ்விக் அணியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அணிகளுக்கு மோர்பின் வைத்திருக்க அனுமதி இல்லை. வில்சன் ஹே என்ற மான்செஸ்டர் சத்திரசிகிச்சை நிபுணர் சட்டத்தை மீறி அவர்களுக்குக் கொடுத்து, 1949இல் வழக்கில் தண்டப்பணம் கட்டினார். அதற்குப் பிறகுதான் அரசு இறங்கிவந்தது. முறிந்த எலும்போடு மலையில் கிடப்பவருக்கு இன்று வலி நீக்கும் மருந்து கிடைக்கிறதென்றால் அந்த மனிதர் நீதிமன்றத்தில் நின்றதும் ஒரு காரணம்.

அவர்களுடைய வேலையை நான் கிட்டத்தில் நின்று பார்த்தது என் அத்தானால். லண்டன் ஹாரோவிலிருந்து அக்காவோடு வந்திருந்தார். கேட்பெல்ஸ் 451 மீற்றர்தான், சின்னப் பிள்ளைகளும் ஏறும் மலை. ஆனால் உச்சிக்குக் கிட்டப் பாறைகள், அத்தனை காலமாக ஆட்கள் மிதித்து மிதித்துப் பளபளவென்று இருக்கும். முதல் நாள் மழை வேறு. அத்தான் நடைப் பயிற்சிக்குப் போடும் சப்பாத்தோடு இறங்கும்போது கால் வழுக்கி, கணுக்கால் வேறு திசையில் திரும்பிவிட்டது. அக்கா குழறிக்கொண்டு நிற்கிறாள். நான் 999க்கு அடித்தேன். கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பைத் தொட்டவுடன் நாங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் இரண்டு பேர் வேகமாக ஏறி வந்தார்கள். ஒரு பெண் அத்தானுக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே முழங்காலிட்டு, பெயரைக் கேட்டு, என்ன மருந்து எடுக்கிறீர்கள், எது ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு வலியைக் குறைக்கும் எண்டோனொக்ஸ் வாயுவின் குழாயை அத்தானின் கையிலேயே கொடுத்து, நீங்களே பிடித்து இழுங்கள் என்றார். மயக்கம் கூடினால் கை தானாக விழுந்துவிடும், அளவும் மிஞ்சாது. அதுதான் அதன் பாதுகாப்பாம். அப்புறம் சின்னச் சின்ன மணிகள் நிறைந்த ஒரு பையைக் காலைச் சுற்றி வைத்து, பம்பால் காற்றை உறிஞ்சினார்கள். காற்றெடுத்த கோப்பிப் பைக்கற் மாதிரி அது அப்படியே இறுகிக் காலின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரை இரண்டு பாதியாக முதுகில் சுமந்து வந்து அங்கே வைத்துப் பொருத்தினார்கள். பக்கத்துக்கு நாலு பேராக எட்டுப் பேர் தூக்க, செங்குத்தான இடத்தில் மேலே இருந்து கயிற்றால் பிடித்துக்கொண்டார்கள். களைத்தவர் விலக அடுத்தவர் பிடிப்பார். ஒரு கணுக்காலுக்கு இவ்வளவு பேர் ஏன் என்று நினைப்பவர்கள், ஈரப்பாறையில் ஓர் ஆளைச் சுமந்து இறங்கிப் பார்க்க வேண்டும்.

கீழே வந்ததும் அத்தான் படுத்தபடியே சட்டைப்பையில் பர்ஸைத் தேடினார். எவ்வளவு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, நீங்கள் சுகமானால் சரி என்றார்கள். மறுமாதம் அவர் தானாகவே பணம் அனுப்பினார்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்காததால் பலருக்கு, குறிப்பாக வெளியிலிருந்து வரும் நம்மவர்களுக்கு, கொடுக்க வேண்டும் என்பதே தெரிவதில்லை. லான்ட் றோவருக்கு டீசல் வேண்டும். கயிறு பார்க்க நன்றாக இருந்தாலும் வயதானால் ஒதுக்கத்தான் வேண்டும், உயிர் தொங்கும் பொருள் அது. வயர்லெஸ், எண்டோனொக்ஸ் சிலிண்டர், தளத்துக்கு மின்சாரக் கட்டணம் என்று செலவுக்குக் குறைவில்லை. வருடத்துக்கு 100 அழைப்புகளைத் தாண்டும் அணி கெஸ்விக். சும்மா கிடைப்பது அவர்களுடைய நேரம் மட்டும்தான். 2015 முதல், பொருள் வாங்கும்போது கட்டும் வற் (VAT) வரியை அரசாங்கம் திருப்பிக் கொடுக்கிறது, அது நல்லது. மீதி பெரும்பாலும் உண்டியலும், ஆட்கள் நடந்தும் ஓடியும் சேர்த்துக் கொடுக்கும் காசும், இறந்தவர்கள் உயிலில் எழுதி வைப்பதும்தான்.

அந்த உண்டியல் ஒன்று என் கடை மேசையிலும் இருக்கிறது. முன்பு மீதிக் காசைப் போடுவார்கள், தூக்கினால் பாரமாக இருக்கும். கோவிட்டுக்குப் பிறகு எல்லோரும் கார்ட்டைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். அதனால் உண்டியலுக்குப் பக்கத்தில், போனைக் காட்டி ஸ்கான் செய்து காசு கொடுக்கும் குறி ஒட்டியிருக்கிறேன். பத்துப் பேரில் ஒருவர் நின்று வாசித்தாலும் எனக்குச் சந்தோஷம்.

செய்தி வந்தால் சனம் கொடுக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2020 ஜூலையில் ஸ்காபெல் பைக் மலையில் டெய்சி என்ற செயின்ட் பேர்னாட் நாய் நடக்க முடியாமல் படுத்துவிட்டது. 55 கிலோ. வாஸ்டேல் அணியின் 16 பேர் சுமார் ஐந்து மணித்தியாலம் பாடுபட்டு அதை இறக்கினார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது, நன்கொடையும் குவிந்தது. ஆனால் செய்தியாகாத கணுக்கால்கள்தான் எத்தனையோ மடங்கு அதிகம். அதற்கும் டீசல் அதே விலைதான்.

கவனமில்லாமல் போகிறவர்களிடம் கட்டணம் வாங்கினால் என்ன என்று என் வாடிக்கையாளர்களே கேட்கிறார்கள். சுவிஸில் இருக்கும் என் மச்சான் ரேகா ஹெலிகொப்டர் சேவைக்கு வருடச் சந்தா கட்டுகிறான். அங்கே மீட்புக்குச் செலவு உண்டு, காப்புறுதியும் சந்தாவும் அதைப் பார்த்துக்கொள்ளும். அது அந்த நாட்டு முறை. இங்குள்ள அணிகள் கட்டணம் வேண்டாம் என்றே நிற்கின்றன, அவர்கள் பக்கமே நானும். பில் வரும் என்று பயந்தவர் உடனே அழைக்கமாட்டார். நொண்டிக்கொண்டே இறங்கப் பார்ப்பார். இருட்டின பிறகு, குளிரில் விறைத்துப்போய்த்தான் அழைப்பார். அப்போது அவருக்கும் ஆபத்து, தேடிப் போகிறவர்களுக்கு அதைவிட ஆபத்து.

அந்த ஆபத்து வெறும் பேச்சல்ல. 2021 பெப்ரவரியில், பெருந்தொற்று விதியை மீறி ரெட் ஸ்க்றீஸ் மலையில் கூடாரம் போட்டிருந்த இருவரில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று நள்ளிரவுக்குப் பிறகு அழைப்பு வந்தது. போன பற்றர்டேல் அணியில் ஒருவர் 150 மீற்றர் அளவுக்கு விழுந்து முதுகெலும்பில் படுகாயமடைந்தார். அவர் வாழ்க்கையே மாறிப்போனது. கூடாரம் போட்டவர்களுக்கு ஆளுக்கு 200 பவுண் தண்டம். அந்த வாரம் இந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களில் வேறு கதையே இல்லை.

எங்கள் ஆட்கள் கொடுக்கத் தெரியாதவர்கள் அல்ல. சுனாமிக்குக் கொடுத்தோம், ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் கட்டினோம், கோயில் திருப்பணிக்குக் கேட்காமலே கொடுக்கிறோம். கோடையில் லண்டனிலிருந்தும் பர்மிங்காமிலிருந்தும் பழைய மாணவர் சங்கங்களும் கோயில் சபைகளும் பஸ் பிடித்து இங்கே வருகின்றன. ஏரிக்கரையில் புளிச்சாதமும் கட்லட்டும் பகிர்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு ஊர் ஞாபகம் வரும். அந்தப் பயணக் காசோடு தலைக்கு ஒரு பவுண் சேர்த்து அணிக்குக் கொடுக்கலாம். பிரித்தானியாவில் வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், 10 பவுணுக்கு அரசாங்கம் இன்னும் 2.50 பவுண் சேர்த்துக் கொடுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு பலர் வருவார்கள். அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டியிலாவது இதைப் போட்டுவிடுங்கள்: மலையில் அடிபட்டால் 999 அல்லது 112 அழைத்து முதலில் பொலிஸ் என்றும், பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்றும் கேட்க வேண்டும். சிக்னல் குறைவான இடத்தில் குறுஞ்செய்தியாலும் அழைக்கலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே 'register' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளை 999க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். போன் வேலை செய்யாவிட்டால் விசில் அல்லது டோர்ச்சால் நிமிடத்துக்கு ஆறு தடவை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. தலையில் கட்டும் டோர்ச்சும், அடி பிடிக்கும் சப்பாத்தும், மழைச் சட்டையும் கோடையிலும் வேண்டும். இவ்வளவும் என் கடைக் கதவிலும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வேண்டுமென்றால் அதன் படத்தை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
கெஸ்விக், கம்ப்ரியா, இங்கிலாந்து.