கார்த்தியின் வேலைத் தேடல் பற்றி

ஓசூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல், அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாள் விடாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

உன் மகன் கார்த்தியைப் பற்றி நீ கவலையோடு எழுதியிருந்ததைப் படித்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த பையன், அரியர் இல்லை, நல்ல சதவீதம். இருந்தும் இன்டர்வியூவில் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள் என்கிறாய். நீ இணைத்திருந்த அவனுடைய ரெஸ்யூமை இரண்டு முறை படித்தேன். சிக்கல் அந்தத் தாளிலேயே இருக்கிறது. ஃபிரஷரிடம் கேட்பதற்கு அனுபவம் என்று ஒன்றும் கிடையாது. அதனால் எதிரில் இருப்பவர் அந்தத் தாளில் உள்ள வரிகளைத்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கேட்பார். அவன் எழுதிக் கொடுத்த தாள்தான் அவனுக்கு வினாத்தாள். இதை அவன் மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிக் கடிதத்தை அவனையே படிக்கச் சொல்.

ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, அன்சிஸ், கிரியோ என்று ஐந்து மென்பொருள் போட்டிருக்கிறான். கணினி முன்னால் உட்கார வைத்தால் எதில் ஒரு பிராக்கெட்டை அரை மணி நேரத்தில் வரைந்து காட்ட முடியுமோ, அதை மட்டும் வைக்கட்டும். ஒன்று போதும். அடுத்து, சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட். உற்பத்தியில் குறைபாடுகளைக் குறைக்கும் முறை பற்றி, இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பிலேயே பலர் வாங்கிவிடும் சான்றிதழ் இது. குவாலிட்டியில் இருக்கும் எவரும் இந்த வரியைத்தான் முதலில் தொடுவார்கள். ஒரு ஷாஃப்டின் (தண்டின்) அளவு 20 மி.மீ., டாலரன்ஸ் (அனுமதித்த ஏற்ற இறக்கம்) கூட்டல் கழித்தல் 0.03, சிக்மா (அளவுகளின் சிதறல்) 0.01 என்று கொடுத்து சிபி, சிபிகே கேட்பார்கள். மெஷினின் சிதறல் அந்த எல்லைக்குள் எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் எண்கள் இவை; சிபிகே, சராசரி நடுவிலிருந்து நகர்ந்திருப்பதையும் சேர்த்துப் பார்க்கும். மொத்த டாலரன்ஸ் 0.06, ஆறு சிக்மாவும் 0.06, ஆகவே சிபி 1. சராசரி 20.01-க்கு நகர்ந்திருந்தால் மேல் எல்லைக்கு மிச்சம் இருப்பது 0.02, அதை மூன்று சிக்மாவான 0.03-ஆல் வகுத்தால் சிபிகே 0.67. வாடிக்கையாளர் பொதுவாகக் கேட்பது 1.33-க்குக் குறையாமல். இதைத் தாளும் பேனாவும் கொடுத்தால் போட்டு, ‘மெஷின் செட்டிங்கை நடுவுக்குக் கொண்டுவந்தாலும் சிபிகே 1-ஐத் தாண்டாது, சிதறலையும் குறைக்க வேண்டும்’ என்று சொல்லத் தெரிந்தால் அந்த வரி இருக்கட்டும். தெரியாவிட்டால் இன்றைக்கே எடுத்துவிடட்டும்.

‘சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள’ என்று தொடங்கும் நோக்கம் பத்தியும், அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு எல்லாமும் போகட்டும். ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். மேலே பெயர், கைப்பேசி எண், ஊர், எந்த ஊரிலும் சேரத் தயார் என்ற ஒரு வரி. அடுத்து படிப்பு, புராஜெக்ட், தொழிற்சாலைப் பயிற்சி. கோப்பின் பெயர் அவன் பெயரும் ‘மெக்கானிக்கல்’ என்ற சொல்லுமாக இருக்கட்டும்; ‘நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3’ என்று வந்தால் ஹெச்.ஆர். மறுபடி தேடும்போது கிடைக்காது.

புராஜெக்ட் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். சூரிய மின்சக்தியில் ஓடும் புல்வெட்டி என்று போட்டிருக்கிறான். இந்தத் தலைப்பில் ஆண்டுதோறும் எத்தனையோ பேர் வருகிறார்கள், பலர் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. அதனால் கேட்பவர் சந்தேகத்தோடுதான் தொடங்குவார். ‘எப்படி வேலை செய்யும்’ என்று கேட்க மாட்டார். ‘ஏன் இந்த மோட்டார், ஏன் இந்த பேட்டரி’ என்பார். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் உள்ளே 84 வாட்-அவர். மோட்டார் 60 வாட் என்றால் கணக்குப்படி ஒரு மணி இருபத்து நான்கு நிமிடம் ஓட வேண்டும். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக நம்பக்கூடியது நாற்பது நிமிடம்தான். 20 வாட் பேனலில் முழுதாக ஏற்ற, உச்சி வெயில் அப்படியே நின்றாலே நாலு மணிக்கு மேல் ஆகும். நடைமுறையில் ஒரு பகல் போய்விடும். அப்படியானால் இது வீட்டுத் தோட்டத்துக்குச் சரி, வயலுக்கு ஆகாது. இந்த முடிவு வரைக்கும் அவனே பேசினால், புராஜெக்ட் எங்கிருந்து வந்தது என்று யாரும் தோண்ட மாட்டார்கள். பிளேடு என்ன உலோகம், எத்தனை மி.மீ. தடிமன், ஃபிரேமை எப்படி வெல்டிங் செய்தார்கள், மொத்தச் செலவு எவ்வளவு, எது முதலில் உடைந்தது, மறுபடி செய்தால் எதை மாற்றுவான் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். உடைந்ததை மறைக்க வேண்டாம். காரணத்தோடு சொல்பவனைத்தான் ஷாப் ஃப்ளோரில் (உற்பத்தி நடக்கும் தளத்தில்) தேடுகிறார்கள்.

புத்தகப் பாடத்தில் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க நேரம் இல்லை, தேவையும் இல்லை. உற்பத்தி, குவாலிட்டி வேலைக்கு அளவுக் கருவிகளும் டிராயிங்கும் கைவசம் இருந்தால் பெரும்பாலான இடங்களில் தாக்குப்பிடிக்கலாம். வெர்னியரை (தாடைகளால் பிடித்து அளக்கும் கருவியை) மேசை மேல் வைத்துவிட்டு ‘அளந்து சொல்’ என்பார்கள். வெர்னியரில் 50 பிரிவுகள் 49 மி.மீ.யில் அடங்கியிருந்தால் லீஸ்ட் கவுண்ட் (அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. மெயின் ஸ்கேலில் 24, வெர்னியரில் 17-ஆவது கோடு பொருந்தினால், 17-ஐ 0.02-ஆல் பெருக்கிக் கூட்டி 24.34. பையன்கள் தடுக்கி விழும் இடம் அடுத்தது: தாடைகளை மூடிப் பார்த்து ஜீரோ எரர் (மூடியும் பூஜ்யம் காட்டாத பிழை) இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கூட்டல் 0.04 இருந்தால் அதைக் கழித்து 24.30 என்று சொல்ல வேண்டும். கருவியைக் கையில் எடுத்ததும் தாடையைத் துடைத்து மூடிப் பார்த்தாலே, கேட்பவர் முகம் மாறும். மைக்ரோமீட்டரும் அப்படித்தான்; திம்பிளை (சுழலும் உருளையை)த் திருகி இறுக்கக் கூடாது, முனையில் உள்ள ராட்செட்டைத்தான் திருப்ப வேண்டும்.

டிராயிங்கில் பக்கத் தோற்றங்களை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறார்கள், ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா என்று குறியைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். நம் நாட்டு வழக்கம் ஃபர்ஸ்ட் ஆங்கிள், ஆனால் அமெரிக்க வாடிக்கையாளர் டிராயிங் தேர்ட் ஆங்கிளில் வரும். குறியைக் கவனிக்காமல் படித்தால் வலப்பக்கத் துளை இடப்பக்கம் போய்விடும். துளையும் தண்டும் பொருந்த வேண்டிய அளவை 25 எச்7 ஜி6 என்று எழுதியிருந்தால் துளை 25.000 முதல் 25.021 வரை, தண்டு 24.980 முதல் 24.993 வரை; ஆகக் குறைந்த இடைவெளி 0.007, அதிகபட்சம் 0.041. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், அட்டவணையைப் பார்த்துப் போடத் தெரிந்தால் போதும். டாக்ட் டைம், அதாவது எத்தனை விநாடிக்கு ஒரு பீஸ் வர வேண்டும் என்ற கணக்கு ஒன்று அநேகமாக வரும்: எட்டு மணி ஷிஃப்டில் சாப்பாடு 30 நிமிடம், டீ இருமுறை பத்துப் பத்து நிமிடம் போக 430 நிமிடம், அதாவது 25,800 விநாடி. 600 பீஸ் வேண்டுமென்றால் 43 விநாடிக்கு ஒன்று.

பேச்சைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று சொல். தன்னைப் பற்றிய அறிமுகத்தை ஒரு நிமிடத்துக்குள் ஆங்கிலத்தில் சொல்லப் பழகட்டும். நெட்டில் எடுத்த வாக்கியங்கள் வேண்டாம், அடுத்த கேள்வியிலேயே அறுந்துவிடும். தொழில்நுட்பக் கேள்வியில் ஆங்கிலம் தடுமாறினால் ‘சார், தமிழில் விளக்கட்டுமா’ என்று கேட்கலாம். ஓசூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் சரி என்பார்கள். ‘ஐ.டி.க்குப் போய்விடுவாயா’, ‘நைட் ஷிஃப்ட் முடியுமா’ இரண்டும் கண்டிப்பாக வரும். உண்மையான பதிலை வீட்டில் நீங்கள் மூவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கே தேடுவது என்று கேட்டிருந்தாய். நாட்ஸ் என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் (தொழிற்பயிற்சி) இணையதளத்தில் உடனே பதியட்டும். படிப்பு முடித்து ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும், பயிற்சி ஓராண்டு. 2019-இல் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். பல நிறுவனங்கள் அதற்கு மேல் தருகின்றன. முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, அதைத் தெரிந்தே சேர வேண்டும். ஆனாலும் ஏதோ ஒரு லேபர் கான்ட்ராக்டரிடம் ‘டிரெய்னி’ என்று சேருவதைவிட எனக்கு இதுதான் மேல். அரசுச் சான்றிதழ் மிஞ்சும். தமிழக அரசின் தனியார் வேலை இணையதளமும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களும் இலவசம். முகாமுக்குப் போகும்போது ஐந்தாறு ரெஸ்யூம், போட்டோ, எல்லா மார்க் ஷீட்டின் நகல், ஆதார், பான் கையில் இருக்கட்டும்.

வேலை கிடைத்தால் அவசரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். ஆன்ரோலா (நிறுவனத்தின் நேரடி ஊழியரா), கான்ட்ராக்டா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் யார் பெயர், பி.எஃப். (சேமநல நிதி) யார் கணக்கில் என்று கேட்கட்டும். ஆண்டுக்கு 2.4 லட்சம் சி.டி.சி. (அவனுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 20,000 கைக்கு வராது. பேசிக் 10,000 என்று வைத்தால், நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,200, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 481, இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். இவன் பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தது போக ஏறக்குறைய 16,400 வரும். கேன்டீன், பஸ் பிடித்தம் அதற்கும் பிறகு. ரூம் வாடகையை அந்தத் தொகையில் போட்டுப் பாருங்கள்.

சேர்வதற்கு முன் யார் பணம் கேட்டாலும், ரிஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், டெபாசிட் என்று என்ன பெயர் சொன்னாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. இதில் உன் மனசு இளகிவிடும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

திருத்திய ரெஸ்யூமையும் புல்வெட்டிக் கணக்கையும் கார்த்தியை எனக்கு நேரடியாக அனுப்பச் சொல். அடுத்த ஞாயிறு மாலை போனில் ஒரு மணி நேரம் நானே இன்டர்வியூ மாதிரி கேள்வி கேட்கிறேன். எங்கே திணறுகிறான் என்று பார்த்து, மேற்கொண்டு எதைப் படிப்பது என்று சொல்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்,
தனபால்