பறக்கிற நேரம் மட்டும் பயண நேரம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு பிளேனில ஒரு மணித்தியாலம் சொச்சம், பஸ்ஸில எட்டு மணித்தியாலம் எண்டு உங்கட பேப்பரில கணக்கு போட்டிருந்தீங்கள், அதில பறக்கிற நேரம் மட்டும்தான் இருக்கு. பிளேன் ஏறுற பலாலிக்கும் கொழும்புப் பக்கம் இறங்கிற இரத்மலானைக்கும் நேர்கோட்டில 330 கிலோமீற்றர் அளவுதான், றோட்டால 400 வருது, சரி. ஆனா டவுனில இருந்து பலாலிக்கே 16, 17 கிலோமீற்றர், ஓட்டோ பிடிச்சு முந்தியே போய் நிக்கவேணும், அங்கால இறங்கினா காலி வீதி நெரிசலுக்குள்ளால கொழும்புக்குப் போகோணும், அதையெல்லாம் ஆர் கூட்டிறது?

அம்மாவை கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போறது இரவு பஸ்ஸிலதான், விடிய இறங்கேக்க கால் ரெண்டும் வீங்கி செருப்புக்குள்ள போகாது. இப்பிடியான ஆக்களுக்குத்தான் பிளேன் முதல்ல வேணும், வெளிநாட்டால வாறவைக்கு மட்டும் இல்லை. பிளேன் நேரத்துக்கு ஏத்தமாதிரி யாழ் பஸ் ஸ்டாண்டில இருந்து பலாலிக்கும், இரத்மலானையில இருந்து கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கும் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) ஒரு பஸ் விடட்டும், நோயாளியளுக்கு டிக்கெட்டில கழிவும் குடுக்கட்டும். நீங்களும் அடுத்தமுறை வீட்டுப் படலையில இருந்து போற இடம் வரைக்கும் எவ்வளவு நேரம் எண்டு போடுங்கோ.

ஒரு வாசகி,
கோண்டாவில்