நாய்க்கடி: தடுப்பூசியோடு சீரமும் வேண்டும்

ஆசிரியருக்கு,

நாய்க்கடி மரணங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘தடுப்பூசி போட்டும் பலனில்லை’ என்று ஒரு வரி வருகிறது. படித்தவர் மனதில் அதுதான் தங்கும். ரேபிஸ் என்னும் வெறிநோய் விஷயத்தில் அப்படி எழுதுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காயத்தை எப்போது, எதைக்கொண்டு கழுவினார்கள்? காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸை எதிர்க்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஆயத்தமாகக் கொண்ட சீரம், போட்டார்களா? தடுப்பூசி எந்தெந்த நாளில், உடம்பில் எந்த இடத்தில் போடப்பட்டது? கட்டுரையில் இதில் ஒன்றுகூட இல்லை.

அம்மை கண்டு தேறியவருக்கு எதிர்ப்புச்சக்தி வந்துவிடுகிறது. ரேபிஸில் அப்படி நடப்பதில்லை. எச்சில் வழியாக உள்ளே போகும் வைரஸ் கொஞ்சம்தான். கடிபட்ட தசையில் தங்கி, நரம்பு முனைக்குள் நுழைந்துவிட்டால் அதன்பின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அதைத் தொட முடியாது. வைரஸிடம் இருக்கும் பி புரதம், செல்களின் முதல் எச்சரிக்கையான இன்டர்ஃபெரானை அடக்கிவிடும். நரம்பு செல்லைப் பெரிதாகச் சிதைக்காமலே பெருகுவதால் உடம்புக்குச் சேதி போவதும் தாமதம். மூளைக்குப் போனபின் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு பெரும்பாலும் மூடியே கிடக்கிறது; எதிர்ப்பணுக்கள் உள்ளே போக வழியில்லை. அதனால்தான் தண்ணீரைக் கண்டு மிரளும் நிலைக்கு வந்த நோயாளியின் ரத்தத்தில்கூடப் பல நேரம் எதிர்ப்பொருள் இருப்பதில்லை. ஆய்வகத்தில் வலுவிழக்கச் செய்த வைரஸ் கொடுத்த எலிகளில் அந்தத் தடுப்பு திறந்து, எதிர்ப்பணுக்கள் உள்ளே போய் வைரஸை அழிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். தெருநாயிடமிருந்து வரும் வைரஸ் அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

ஆகவே, வைரஸ் நரம்புக்குள் போவதற்கு முன்பே காரியம் முடிந்தாக வேண்டும். தடுப்பூசியால் உடம்பு சொந்தமாக எதிர்ப்பொருள் தயாரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு இருந்தால் போதுமான எதிர்ப்பு என்பது கணக்கு. அதுவரை காயத்தைக் காவல் காப்பது இரண்டே: சோப்பும் சீரமும்.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். வைரஸின் வெளியுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு போவிடோன் அயோடின் போடலாம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எருக்கம்பால் எல்லாம் காயத்தைப் புண்ணாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. அவசரப்பட்டுத் தையல் போடுவதும் தவறு. ஊசி முனையே வைரஸை ஆழத்துக்குக் கொண்டுபோகும்.

தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி, விரிசல் விட்ட தோலில் அல்லது கண், வாயில் பட்ட எச்சில் இவை மூன்றாம் வகை, அதாவது மிகக் கடுமையான வகை. இதற்குத் தடுப்பூசியோடு சீரமும் கட்டாயம். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 40 அலகு, மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் 20. இடுப்பில் ஒரு ஊசியாகப் போட்டுவிட்டு ‘சீரம் போட்டாச்சு’ என்று எழுதுவதால் பயனில்லை. ஒவ்வொரு காயத்தின் உள்ளும் சுற்றிலும் இறங்க வேண்டும். 15 கிலோ குழந்தைக்குக் குதிரைச் சீரம் 600 அலகு. மில்லி லிட்டருக்கு 300 அலகு உள்ள குப்பியில் அது வெறும் 2 மில்லி. முகத்திலும் கையிலும் ஏழெட்டு இடத்தில் கடி இருந்தால் எப்படிப் போதும்? சலைன் சேர்த்து இரண்டு மூன்று மடங்காக்கி எல்லாக் காயத்துக்கும் பகிர வேண்டும். போதவில்லை என்று அளவைக் கூட்டினால், தடுப்பூசியால் உருவாக வேண்டிய சொந்த எதிர்ப்பை அதுவே அமுக்கும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்தபின் சீரம் கொடுக்காததற்கும் காரணம் அதுதான். குதிரைச் சீரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று பயந்து, போடாமலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் இடங்கள் உண்டு. ஒவ்வாமை வந்தால் உடனே கொடுக்க அட்ரீனலின் மருந்தைக் கையருகே வைத்துக்கொண்டு போட வேண்டிய மருந்து அது.

தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி. சரியாக இறங்கினால் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகச் சிறு கொப்புளம் எழும்பும். எழும்பாவிட்டால் மருந்து தோலுக்கடியில் போய்விட்டது. பக்கத்திலேயே மறுபடி போட வேண்டும். தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 என ஐந்து ஊசி. பெரியவர்களுக்குப் புஜத்தில், சிறு குழந்தைகளுக்குத் தொடையில். பிட்டத்தில் போடவே கூடாது. கொழுப்பில் தங்கிவிடும் மருந்துக்கு எதிர்ப்பு சரியாக எழும்புவதில்லை. குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தோலுக்குள் போடும் முறை கைகொடுக்காமல் போகலாம், அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் ஊர்ப்பேச்சில் இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தயாரித்தார்கள். அதில் கலந்திருந்த நரம்புறைப் பொருளை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்புச்சக்தி சிலருக்குத் தம் நரம்பையே தாக்கி, கைகால் விழுந்ததும் உண்டு. இந்தியாவில் 2004இன் இறுதியோடு அதன் தயாரிப்பு நின்றது. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் தயாராகும் இப்போதைய மருந்தில் மூளைத் திசு கிடையாது.

‘குட்டிதானே கடித்தது’ என்று விடுவதும் ஆபத்து. குட்டிக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள், சீக்கிரமே போட்ட தடுப்பூசியைச் செயலிழக்க வைத்துவிடும். மூன்று மாதம் ஆனபின் போட்டு, பூஸ்டரும் கொடுத்தால்தான் கணக்கு. நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதுதான், ஆனால் சிகிச்சையை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். ‘அரசு மருத்துவமனைகளில் ஊசி கையிருப்பு உள்ளது’ என்று அடுத்த முறை செய்தி வரும்போது, தடுப்பூசி எவ்வளவு, சீரம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வெளியிடுங்கள்.

— கால்நடை நோய்த்தடுப்பியல் துறை வாசகர், நாமக்கல்