சனிக்கிழமை பீன்ஸ்

பாஸ்டன்

அன்புள்ள முருகேசா,

ஓய்வு பெற்ற பிறகும் சர்க்கரை ஆலைப் பக்கம் போய் வருகிறாயாமே! மொலாசஸ் வாடை உன்னை விடாது. இங்கே என்னையும் விடவில்லை. எரிசாராயத்துக்கென்று நீங்கள் லாரி லாரியாக ஏற்றி அனுப்பிய அதே கறுப்புப் பாகைத்தான் இந்த ஊர்க்காரர்கள் பீன்ஸில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள்.

நேவி பீன்ஸ் என்று மொச்சையைவிடச் சின்னதாய் ஒரு வெள்ளைப் பயறு. ராத்திரி ஊறவைத்து, அரைவேக்காட்டில் இறக்கி, வெங்காயம், கடுகுத்தூள், உப்பில் பதப்படுத்திய பன்றிக்கொழுப்பு, மொலாசஸ் எல்லாம் சேர்த்து, வாய் குறுகிய ஜாடியில் போட்டு ஓவன் அடுப்புக்குள் வைத்துவிடுவார்கள். ஆறேழு மணி நேரம் மெல்ல வேகும். நடுநடுவே வெந்நீர் விட்டால் போதும். அத்தனை நேரம் வெந்தும் ஒரு பயறுகூடக் குழைவதில்லை. மொலாசஸில் உள்ள கால்சியமும் சர்க்கரையும் லேசான புளிப்பும் அதைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.

இந்தப் பக்கம் குடியேறிய பழைய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களுக்குச் சனிக்கிழமை பொழுது சாய்ந்தாலே ஓய்வுநாள் தொடங்கிவிடும். அப்புறம் சமைக்கக் கூடாது. அதனால் முன்பே ஏற்றிவைத்து, அன்று இரவு சூடாகவும் மறுநாள் காலை மிச்சத்தையும் சாப்பிட்டார்கள். ஹாட் டாக் என்ற நீள இறைச்சி உருளை ரொம்பப் பிந்தி வந்து இந்தப் பீன்ஸோடு ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டுப் பாட்டி இன்றும் சனிக்கிழமை தவறுவதில்லை. பீன்ஸ் என்னவோ டப்பாதான். ஆனால் ஹாட் டாக்கை வில்லை வில்லையாக நறுக்கி, இரும்புச் சட்டியில் ஓரம் கருகிச் சுருளும்வரை வறுத்து, அதன் மேல் பீன்ஸைக் கொட்டுவார். தொட்டுக்கொள்ள ஆவியில் வெந்த பிரவுன் பிரெட். அதுவும் தகர டப்பாவில்தான் வருகிறது! தட்டில் கவிழ்த்தால் டப்பாவின் வரிகளோடு உருளையாக நிற்கும்.

எனக்கு இனிப்பு திகட்டும். வீட்டில் செய்தால் கடுகுத்தூளைக் கூட்டிவிடுவேன். மிளகாய்த்தூள் போட மட்டும் மனசு வரவில்லை. போட்டால் நம்ம வீட்டுக் குழம்பாகிவிடும். குளிரில் வேலை முடிந்து வந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வேறெதுவும் வேண்டியிருக்காது.

இன்னொரு சங்கதி, இது உனக்கென்றே: 1919 ஜனவரி 15 அன்று இங்கே நார்த் எண்ட் என்ற பகுதியில் ராட்சத மொலாசஸ் தொட்டி ஒன்று வெடித்துத் தெருவெல்லாம் பாகு பாய்ந்து, 21 பேர் செத்துப்போனார்கள். அதுவும் ஆல்கஹால் காய்ச்சச் சேர்த்துவைத்ததுதான். உங்கள் ஆலைத் தொட்டிகளை வருஷத்துக்கு ஒரு தரமாவது சோதிக்கிறார்களா? அடுத்த கடிதத்தில் எழுது. மருமகளுக்கு எப்போது பிரசவம்? தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்