காசுமாலைக் கணக்கு

மன்னார்குடி,
மாசி 5.

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொல்லை மாமரம் இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது. தொலைபேசியில் பேசினால் "சரிம்மா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று நீ வைத்துவிடுகிறாய் என்பதால், நெடுநாளுக்குப் பிறகு தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது முறுக்குக்கு நீதான் மாவு பிசைந்தாய். வளையல்களைக் கழற்றி உப்பு ஜாடியின் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் மாவில் கை வைப்பாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து அது உன் வழக்கம். இந்த முறை வளையலோடேயே பிசைந்தாய். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். நகையின் பேரில் கடன் வாங்குவது தவறில்லை. அவசரத்துக்குக் கை கொடுக்கத்தான் நம் வீடுகளில் நகை சேர்த்தார்கள். எந்த இடத்தில் வைக்கிறோம், எத்தனை வட்டிக்கு வைக்கிறோம், எப்போது மீட்கப் போகிறோம் என்பது மூன்றும் வைக்கும் நாளிலேயே மனதில் இருக்க வேண்டும். வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் நம் ஊர்ப் பேச்சில் அது ஒரு ரூபாய் வட்டி; கடைவீதியில் இரண்டு வட்டி என்று சாதாரணமாகச் சொல்வது வருடத்துக்கு 24 சதவீதம். ரசீதில் மொத்த எடையும், கல்லும் அரக்கும் கழித்த நிகர எடையும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாதது இல்லை.

ஆனால் தெரிந்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு நகையை அப்படியே மறுபடி அடகு வைப்பதுதான் அது. மூன்று லட்சம் கடன் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள். 12 சதவீதத்தில் வட்டி மட்டும் மாதம் 3,000 ரூபாய். மூன்று வருடத்தில் 1,08,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும், அசல் மூன்று லட்சமும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதே கடனுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் கட்டிவந்தால் மூன்று வருடத்தில் அசலே தீர்ந்துவிடும், வட்டி மொத்தம் 59,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். அசலில் கொஞ்சமாவது மாதாமாதம் கட்ட வேண்டும். தங்கம் விலை ஏறும்போது அதே நகைக்கு இன்னும் பணம் தருகிறோம் என்று வைத்த இடத்திலிருந்தே கூப்பிடுவார்கள். அதை வாங்கவே கூடாது. நகை ஒரு குந்துமணி கூடுவதில்லை, கடன்தான் கூடுகிறது.

உன் பெரியம்மாவைப் பார். 2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தபோது அவளுடைய சங்கிலி திரும்பி வந்தது. மறு வருடமே அதை மறுபடி கொண்டுபோய் வைத்துவிட்டு, இன்னொரு தள்ளுபடி வரும் என்று இன்றுவரை காத்திருக்கிறாள். அசலில் ஒரு ரூபாய் கட்டவில்லை.

சின்ன அத்தை மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சத்திரம் பார்த்தாகிவிட்டது. மற்ற விவரங்களைப் பிறகு எழுதுகிறேன். ஜூன் வந்தால் பேத்திக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்குமே, அதற்கு இப்போதிருந்தே தனியாக எடுத்து வைக்கிறாயா? சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்தால்தான் உண்டு, மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்ப்போம் என்றால் மிஞ்சாது. பன்னிரண்டு வயதில் என் வரவு செலவு நோட்டில் பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் கூட்டி, நான் பதினேழு ரூபாய் தப்பாகக் கூட்டியிருக்கிறேன் என்று கண்டுபிடித்துச் சொன்னவள் நீ. தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பெண் இப்போது நோட்டே எழுதுவதில்லை என்று மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. செல்போனில் தட்டிச் செலவழித்தால் கை வலிக்காது, அதனால்தான் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். எழுதி வை. வாங்கிய கடனையும் எழுதி வை. மாப்பிள்ளை கண்ணில் படுகிற இடத்தில் வை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். கல்லூரியில் உன்னைச் சேர்க்கப் பாட்டியின் காசுமாலையை விற்றோம் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். உறவில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அது உண்மை இல்லை.

1999இல் நான் தெருப் பெண்களைச் சேர்த்துச் சீட்டு நடத்தினேன். சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்ட இரண்டு பேர் பிறகு தவணை கட்டவில்லை. மற்றவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, காசுமாலையைக் கடைவீதியில் 12,000 ரூபாய்க்கு இரண்டு வட்டியில் அடகு வைத்தேன். மாதம் 240 ரூபாய்தான் வட்டி. ஐந்து மாதம் அரிசிச் செலவில் பிடித்துப் பிடித்துக் கட்டினேன், அதற்குமேல் முடியவில்லை. கடையிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதை நெல்லுக் குதிருக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இரண்டாவது நோட்டீசையும் அங்கேயே வைத்தேன். ஏழு பவுன் மாலை மூழ்கிப் போயிற்று. முதல் மாதமே அப்பாவிடம் சொல்லியிருந்தால் தன் சங்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கி மீட்டிருப்பார். அவருக்கு என்மேல் வரப்போகிற கோபத்துக்குப் பயந்து, பாட்டி கொடுத்ததைத் தொலைத்தேன்.

நெல்லுக் குதிரைக் காலி செய்த நாளில் அப்பா அந்த நோட்டீசுகளைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆனியில் உன்னைச் சேர்க்கத் தன் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கட்டணம் கட்டிவிட்டு, பாட்டியிடமும் உன் அத்தைகளிடமும் மாலையை உன் படிப்புக்காக விற்றோம் என்று அவரே சொன்னார். பாட்டி என் தலையில் கை வைத்து, பெண்ணைப் படிக்க வைத்தாயே என்றார்கள். நான் பேசாமல் நின்றேன். உன் முதல் சம்பளத்தில் "காசுமாலைக்குப் பதில்" என்று சொல்லி நீ வாங்கிப் போட்ட சங்கிலி இப்போதும் என் கழுத்தில் இருக்கிறது. அன்றைக்கே இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அஞ்சலகத்தில் ஐந்து வருடமாக மாதம் 2,000 ரூபாய் கட்டிவந்த தொடர் வைப்பு இந்தப் பங்குனியில் முதிர்கிறது. வட்டியோடு 1,39,000 ரூபாய் சொச்சம் வரும். அப்பாவுக்கும் இது தெரியும். இப்போதெல்லாம் அவருக்குத் தெரியாமல் நான் எதுவும் செய்வதில்லை. அந்தப் பணத்துக்கு எங்களுக்கு இப்போது தேவை ஒன்றும் இல்லை. அது முழுக் கடனுக்குப் போதாது என்றாலும் அசலில் ஒரு பெரிய பங்கு குறையும்.

பங்குனி இரண்டாம் ஞாயிறு புறப்பட்டு வா. முடிந்தால் மாப்பிள்ளையையும் அழைத்து வா. அவரிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால், அப்பா பக்கத்தில் இருக்கும்போது சொல்வது உனக்குச் சுலபமாக இருக்கும். உன் கைப்பையின் உள் ஜிப்பில் மடித்து வைத்திருக்கும் காகிதத்தையும் எடுத்து வா. பொங்கலன்று பேத்தி மிட்டாய் தேடும்போது அது கீழே விழுந்தது. நான்தான் திரும்ப எடுத்து வைத்தேன், பிரித்துப் பார்க்கவில்லை.

அன்புடன்,
அம்மா